எள் நுழையாத வீடு

எங்கள் வீட்டுக் கொல்லையில் அந்த ஒரு வருஷம் காக்கை உட்கார முடியாது. அண்ணி விடமாட்டாள். அகப்பையோ விளக்குமாறோ, கையில் எது இருக்கிறதோ அது பறக்கும். ஒருமுறை அவள் எறிந்த பித்தளைச் சொம்பு பக்கத்து வீட்டுக் குளியலறைத் தகரத்தில் விழுந்து, உள்ளே குளித்துக்கொண்டிருந்தவர் ஈரத்துண்டோடு வெளியே ஓடி வந்தார். காலனியே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். தினமும் இரவு அண்ணனுக்கு ஒரு தட்டில் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து அடுப்படி மூலையில் வைப்பாள். அண்ணன் வரமாட்டான். காலையில் அந்தச் சோற்றைக் கொண்டுபோய் மாட்டுக்காரர் வீட்டுக் கழுநீர்த் தொட்டியில் கொட்டுவாள். அடுப்படியிலிருந்து தொட்டிக்குப் போகிற வழியில் ஒரு காக்கையும் அதில் வாய் வைத்துவிடக் கூடாது. மாடு தின்றால் அது மிச்சச் சோறு. காக்கை தின்றால் படையல். படையல் என்றால் அண்ணன் செத்துப்போய்விட்டான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அரியலூருக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டு ஆலையின் காலனியில் இருந்தோம். அண்ணன் அங்கே ஃபிட்டர், நான் காலனிப் பால்வாடியில் டீச்சர். அப்பா அம்மா இல்லை. அண்ணனுக்குக் கல்யாணம் ஆனபோது அவனோடு நானும் ஒட்டிக்கொண்டு அந்தக் குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். அண்ணிக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவள் என்னை வாடி போடி என்பாள், நானும் வா போ என்றுதான் பேசுவேன். சண்டையும் அப்படித்தான், வஞ்சகமில்லாமல் போடுவோம்.

முந்தைய ஐப்பசி அடைமழையில், சுண்ணாம்புக்கல் குழியில் தண்ணீர் இறைக்கிற பம்பு நின்றுபோனது என்று ஆள் வந்து அண்ணனைக் கூப்பிட்டார்கள். தூக்குவாளியைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போனான். விடிந்து பார்த்தால் சைக்கிள் குழியின் கரையில் ஸ்டாண்டு போட்டு நிற்கிறது. தூக்குவாளி மாட்டியபடி இருக்கிறது. அண்ணன் இல்லை. கொஞ்சம் தள்ளிக் கரை சரிந்து தண்ணீருக்குள் போயிருந்தது. ஆள் இறக்கித் தேடினார்கள். பாதாளக் கரண்டி போட்டு இழுத்தார்கள். சேறும் கல்லும்தான் வந்தன. பிறகு மழை வலுத்துக் குழி நிரம்பியது, அந்தப் பக்கம் கல் வெட்டுவதையே நிறுத்திவிட்டார்கள்.

"ஸ்டாண்டு போட்டு நிறுத்திட்டுத்தான போயிருக்காரு. அவரே வந்து எடுத்துப்பாரு," என்றாள் அண்ணி. சைக்கிளை வீட்டுக்குக் கொண்டுவர விடவில்லை. அது அங்கேயே நின்று துருப்பிடித்தது. ஒரு செருப்பை வாசலில் விட்டாலே காணாமல் போகிற ஊர் அது. அந்தச் சைக்கிளை மட்டும் யாரும் தொடவில்லை.

வீட்டுக்குள் எள் வரக் கூடாது என்பது அண்ணி போட்ட அடுத்த சட்டம். எள்ளும் தண்ணீரும் செத்தவர்களுக்கு இறைப்பது, அதனால் எள்ளுருண்டை கிடையாது, இட்லிப்பொடியில் எள் கிடையாது. நல்லெண்ணெய் கூடப் போய்க் கடலை எண்ணெய் வந்தது. "கடலை எண்ணெயில வத்தக்குழம்பு வச்சா அண்ணனே வந்தாலும் திரும்பிப் போயிடுவான்," என்று ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்று முழுக்க என்னோடு அவள் பேசவில்லை.

திருமானூரிலிருந்து எங்கள் பெரியப்பா மாதம் ஒருமுறை பஸ் ஏறி வந்துவிடுவார். "தீபாவளி அமாவாசைக்குக் கொள்ளிடத்துல எள்ளுந் தண்ணியும் எறைச்சிடணும்மா. வருசம் திரும்பப் போவுது. அவன் வழி தெரியாம அலைஞ்சிக்கிட்டு இருப்பான்," என்பார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டு காபியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். எள்ளை இறைத்துவிட்டால் அதே கையோடு அவள் பொட்டு, பூ, வளையல், தாலி எல்லாம் போகும். அதைப் பெரியப்பா சொல்ல மாட்டார், சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். எனக்கு ஒரு மனசு, அண்ணனை இப்படி அந்தரத்தில் தொங்கவிட்டிருக்கிறாளே என்று எரியும். இன்னொரு மனசு, அவள் கையில் வளையல் சத்தம் கேட்கிறவரைக்கும் நல்லது என்று நினைக்கும். இரண்டுக்கும் நடுவில் நான் கிடந்து வெந்தேன்.

இதற்கிடையில்தான் அந்த வெள்ளைக்காரம்மா வந்தாள். புது மிஷினை மாட்டித் தருவதற்காக அமெரிக்காவிலிருந்து ஒரு இன்ஜினியர் ஆலைக்கு வந்திருந்தார். அவருடைய சம்சாரம். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒருநாள் பால்வாடிக்குள் நுழைந்து பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் பேசுகிற இங்கிலீஷில் பாதி எனக்குப் புரியும், மீதியை நானே போட்டு நிரப்பிக்கொள்வேன். அவர்கள் ஊரில் அக்டோபர் கடைசி நாளுக்கு ஹாலோவீன் என்று பெயராம். பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய்த் தின்பண்டம் வாங்குமாம். காலனிப் பிள்ளைகளுக்கு அன்று சாயங்காலம் தன் பங்களாவில் பார்ட்டி வைக்க ஆசை, கலர் கலராகப் பிஸ்கட் செய்ய வேண்டும், ஆனால் பிஸ்கட் சுடுகிற அவளுடைய ஓவன் அடுப்பு இன்னும் கப்பலில் இருக்கிறது, யாராவது செய்து தருவார்களா என்று கேட்டாள்.

எங்கள் காலனியில் பிஸ்கட் சுடத் தெரிந்த ஒரே ஆள் அண்ணிதான். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவளுடைய அப்பாவுக்கு ரொட்டிக் கடை. மைதாவிலேயே பிறந்து மைதாவிலேயே வளர்ந்தவள். கல்யாணமான புதிதில் அண்ணன் ஒரு பழைய எண்ணெய் டிரம்மை அறுத்து, உள்ளே தட்டு வைத்து, கதவு வைத்து வெல்டு அடித்து, கொல்லையில் அவளுக்கு ஓர் அடுப்பு செய்து கொடுத்தான். கீழே முந்திரி விறகு, மேலே கங்கு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் தெரு முழுக்க மணக்கும். அண்ணன் பிஸ்கட்டை ஓரமாகவே சுற்றிச் சுற்றிக் கடிப்பான். நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்கு மிச்சம் வைத்து அண்ணியிடம் நீட்டுவான். அதுதான் மெத்தென்று இருக்குமாம். "எச்சிய நீட்டறதுல ஒரு பவுசு," என்று நான் கேலி செய்வேன். அவள் சிரித்துக்கொண்டே வாங்கி வாயில் போட்டுக்கொள்வாள்.

அவன் போனதிலிருந்து அந்த டிரம்மில் தீ வைக்கவில்லை. அதனால் வெள்ளைக்காரம்மா கேட்டதை வீட்டில் சொல்லும்போதே, நடக்காது என்று தெரிந்துதான் சொன்னேன். அண்ணி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"பேய்க்கு எதுக்குடி பார்ட்டி? பொறந்தநாளா?"

"அன்னிக்குச் செத்தவங்கள்லாம் அவங்கவங்க வூட்டத் தேடி வருவாங்களாம். வழி தெரியறதுக்கு வாசல்ல வெளக்கு வைப்பாங்களாம்."

அவள் கை நின்றது. "செத்தவங்க மட்டுந்தானா?"

"பின்ன?"

"காணாமப் போனவங்க வர மாட்டாங்களா?"

என்ன சொல்வது? மறுநாள் அதை அந்த அம்மாவிடமே கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. தோளைக் குலுக்கிவிட்டு, யார் கண்டார்கள், வரலாம் என்றாள். அதை வந்து சொன்ன உடனே அண்ணி எழுந்துபோய் டிரம்முக்குள் ஒரு வருஷமாகக் கட்டியிருந்த சிலந்தி வலையை விளக்குமாற்றால் இழுத்தாள். பிஸ்கட்டுக்காக அவள் அதைச் செய்யவில்லை என்று அப்போதே எனக்குத் தெரியும்.

அரியலூர்க் கடைத்தெருவில் மைதாவும் வனஸ்பதியும் சீனியும் வாங்கினோம். ஆரஞ்சுக்குக் கேசரிப் பவுடர். பச்சையும் ரோஸும் மளிகைக் கடையிலேயே பொட்டலமாகக் கிடைத்தன. பூசணிக்காய், நிலா, எலும்பு, பூனை, வௌவால் என்று அந்த அம்மா படம் போட்டுக் கொடுத்திருந்தாள். எலும்பை நான் மாவில் கத்தியால் அறுத்தேன். முருங்கைக்காய் மாதிரி வந்தது. அண்ணி ஒரு வருஷத்துக்கப்புறம் முதல்முறையாகச் சத்தம் போட்டுச் சிரித்தாள்.

அப்புறம் ஜன்னலில் இருந்த கல் நத்தையை எடுத்தாள். குழியில் கல் வெட்டும்போது அந்த மாதிரி நிறைய வரும், சங்கும் நத்தையும் கல்லாகவே ஆனது. நம் ஊரில் ஒரு காலத்தில் கடல் இருந்தது என்பார்கள். அண்ணன் பொறுக்கி வந்து ஜன்னலில் அடுக்கியிருந்தான். அண்ணி அதைக் கழுவித் துடைத்து ஒவ்வொரு பிஸ்கட்டின் மேலும் அழுத்தினாள். சுருள் சுருளாகப் பதிந்தது. எந்தக் காலத்திலோ செத்துப்போன ஒன்றின் உடம்பு ரோஸ் கலரில், பச்சைக் கலரில் வரிசையாக உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கு என்னவோ போல இருந்தது.

வம்பு வந்தது கறுப்பில்தான். பூனையும் வௌவாலும் கறுப்பாக வேண்டும். கறுப்புச் சாயம் எந்தக் கடையிலும் இல்லை. கரியைப் பொடித்துப் போட்டால் பிள்ளைகளுக்கு வயிறு என்னாகும்? கறுப்பு எள்ளை வறுத்து அரைத்துச் சேர்த்தால் கலரும் வரும், மணமும் வரும். சொன்னேன்.

"அது இந்த வூட்டுக்குள்ள வந்துச்சுன்னா நான் வெளிய போயிடுவேன்," என்றாள் அண்ணி.

"பிஸ்கட்டுக்குத்தான அண்ணி. யாரு இப்ப ஆத்துல எறைக்கப் போறா?"

"உனக்கு என்னடி. உன் பொட்டா போவுது?"

அது சுருக்கென்று தைத்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "பொட்டு உனக்கு, அவன் எனக்கு அண்ணன் இல்லையா? நான் ஒரு நாளாச்சும் ஒப்பாரி வச்சு அழுதிருக்கேனா? நீ அழ விட்டியா?" என்று கத்திவிட்டேன். அவள் கையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டு எழுந்தாள். "அடுப்பு வெளியிலதான இருக்கு. நீயே சுட்டுக்க. நான் தொடமாட்டேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பால்வாடி அம்மியில் எள்ளை அரைத்து, அங்கேயே பிசைந்து, கொல்லை வழியாக எடுத்து வந்தேன். வானம் மூட்டமாக இருந்தது. கங்கைத் தள்ளித் தட்டை உள்ளே வைத்தேன். எப்போது எடுக்க வேண்டும் என்று எனக்கு எங்கே தெரியும்? மற்றதெல்லாம் அண்ணி நிறம் பார்த்து எடுத்தாள், கறுப்பில் நிறம் எப்படிப் பார்ப்பது? விழித்துக்கொண்டு நின்றேன். எள் மணம் வீடு முழுக்கப் பரவியது. சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "எடுடி. கருகப் போவுது." மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன். இல்லை, அவள் அந்த மணத்தை விடாமல் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

பார்ட்டியன்று சாயங்காலமே இருட்டிவிட்டது, தூறல் வேறு. பங்களா வாசலில் பறங்கிக்காயைக் குடைந்து கண்ணும் பல்லும் வெட்டி உள்ளே மெழுகுவத்தி ஏற்றி வைத்திருந்தாள் அந்த அம்மா. கேட்டில் இருந்த வாட்ச்மேன் அதைத் திருஷ்டிக்காய் என்று நினைத்துவிட்டார். பயபக்தியோடு குங்குமம் தடவி, தலையில் கற்பூரம் கொளுத்தி, ரோட்டில் போட்டு உடைக்கத் தூக்கும்போது அவள் ஓடிவந்து பிடுங்கினாள். குங்குமம் வழிந்த முகத்தோடு அது திரும்பவும் வாசலில் உட்கார்ந்தது. முன்னைவிட நன்றாகவே பயமுறுத்தியது.

பிள்ளைகள் வெள்ளைப் போர்வையில் ஓட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தன. ரோஸ், பச்சை, ஆரஞ்சு எல்லாம் தட்டில் விழுந்த உடனே காலி. கறுப்பை ஒன்றுகூடத் தொடவில்லை. அம்மாக்கள் வீட்டிலேயே காதில் ஓதி அனுப்பியிருந்தார்கள். "டீச்சர், அது எள்ளு. சாமி வூட்டுக்குப் போனவங்களுக்கு," என்று ஒரு பிள்ளை போர்வைக்குள்ளிருந்து எனக்கே பாடம் எடுத்தது.

அண்ணி நடையில் நின்றிருந்தாள். ஒரு வருஷத்தில் விசேஷம் என்று அவள் வெளியே வந்ததே அன்றுதான். பட்டுப்புடவை கட்டி, தலை நிறையக் கனகாம்பரம் வைத்திருந்தாள். வாசலில் எரிகிற விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிச்சமிருந்த ஆரஞ்சு பிஸ்கட் தட்டை எடுத்துவரப் பின்கட்டுச் சமையலறைக்கு அவளை நான்தான் அனுப்பினேன். அவள் போன கொஞ்சத்தில் கரண்டு போய்விட்டது.

பிள்ளைகள் ஹோவென்று கத்திவிட்டு அடங்கின. அந்த அமைதியில் பின்கட்டிலிருந்து அண்ணியின் குரல் கேட்டது. சத்தமாக இல்லை. வீட்டில் பேசுகிற குரல்.

"வந்துட்டீங்களா."

மெழுகுவத்தியை எடுத்துக்கொண்டு ஓடினேன். பின்வாசல் திறந்திருந்தது. வாசற்படியில் ஓர் ஆள் நின்றிருந்தான். தலையில் குழிக்குள் போகிறவர்கள் போடுகிற இரும்புத் தொப்பி. உடம்பில் மழைக்கோட்டு, அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. கையில் டார்ச்சு. முகம், கழுத்து எல்லாம் சுண்ணாம்பு அப்பி வெள்ளையாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நானும் அண்ணன் என்றுதான் நினைத்தேன்.

அண்ணி தட்டைப் பிடித்தபடி பின்னாலேயே நகர்ந்தாள். அந்த ஆள் ஒரு அடி உள்ளே எடுத்து வைத்தான். அவள் சுவரில் முட்டி நின்றாள். பிஸ்கட் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தது.

"வராதீங்க," என்றாள். "கிட்ட வராதீங்க. போயிடுங்க. கும்புடறேன், போயிடுங்க."

அந்த ஆள் தொப்பியைக் கழற்றினான். உள்ளே செம்பட்டை முடி. இங்கிலீஷில் ஏதோ கேட்டான். இன்ஜினியர்தான். பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டக் குழிப்பேய் வேஷம் போட்டுக்கொண்டு பின்வழியாக வந்திருக்கிறார். குழியில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை. வெள்ளைக்காரம்மா ஓடிவந்து அண்ணியின் கையைப் பிடித்தாள். அண்ணி மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு, குனிந்து, விழுந்த பிஸ்கட்டையெல்லாம் பொறுக்கித் தட்டில் அடுக்கி மேடையில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.

யாரும் தொடாத கறுப்பு பிஸ்கட்டை ஒரு டின்னில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். தூறலில் நனைந்துகொண்டு இருவரும் வீட்டுக்கு வந்தோம். டின்னைக் கொல்லையில் டிரம் மேலேயே வைத்துவிட்டேன். அண்ணி ஈரப்புடவையோடு அடுப்படியில் உட்கார்ந்தாள். சோறு போடவில்லை. அண்ணனின் தட்டு கவிழ்த்தபடியே இருந்தது.

"அது அந்த வெள்ளைக்காரன் அண்ணி," என்றேன். "வேஷம். நானுந்தான் ஏமாந்துட்டேன்."

"தெரியும்டி."

"பின்ன ஏன் இப்படி உட்காந்திருக்க?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. "ஒரு வருசமா வா வான்னு கூப்பிட்டுட்டு இருந்தேன். வந்து நின்னாரு. நான் போயிடுங்கன்னு சொல்லிட்டேன்." கொஞ்ச நேரம் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "உசுரோட வர்ற ஆளப் பாத்து யாராச்சும் பயப்படுவாங்களா? ஓடிப்போயிக் கட்டிப் புடிச்சிருக்க மாட்டேனா? பயந்துட்டேன்டி. அப்ப எனக்குத் தெரிஞ்சிருக்கு. இத்தினி நாளும் தெரிஞ்சேதான் இருந்திருக்கு."

நான் அழுதேன். ஒரு வருஷத்து அழுகை அது. அவள் என் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள், அழவில்லை.

விடிந்ததும் கொல்லையில் அவள் குரல் கேட்டுத்தான் எழுந்தேன். "கா... கா..." என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பழக்கமில்லாத குரல். மழை விட்டிருந்தது. மதில் மேல் ஒரு வாழையிலைத் துண்டு, அதன் நடுவில் ஒரே ஒரு கறுப்பு பிஸ்கட், மிச்ச மாவில் வட்ட நிலாவாக நான் சுட்டது. ஒரு வருஷமாக அடி வாங்கின காக்கைகள் அவ்வளவு சுலபமாக வருமா? எதிர்வீட்டு முருங்கையில் உட்கார்ந்து அவளையே சந்தேகமாகப் பார்த்தன. அவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள், எறிய ஒன்றுமில்லை என்று. வளையல் குலுங்கியது.

கடைசியில் ஒன்று மட்டும் இறங்கியது. மதிலில் பக்கவாட்டில் தத்தித் தத்தி வந்தது. பிஸ்கட்டை ஒரு காலால் மிதித்துக்கொண்டு ஓரத்தைக் கொத்தியது. சுற்றிச் சுற்றி ஓரமாகவே கொத்தியது. கெட்டியான பிஸ்கட்டை எந்தக் காக்கையும் ஓரத்திலிருந்துதான் கொத்தும், அது எனக்கும் தெரியும். இருந்தாலும் அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. ஒரு ரூபாய் அகலத்துக்கு நடுவை விட்டுவிட்டு, அது அண்ணியை ஒருமுறை பார்த்தது. பறந்து போனது.

"பெரியப்பாவ வரச் சொல்லிடு," என்றாள் அண்ணி. "அமாவாசைக்குத் திருமானூர் போவலாம்."

சொல்லிக்கொண்டே மதிலருகே போனாள். இலையில் கிடந்ததை எடுத்தாள். எடுத்து எறியப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஐயய்ய, காக்கா எச்சி அண்ணி அது," என்றேன்.

அவள் மெதுவாக, நிதானமாக மென்றாள். ஒரு வருஷமாகத் தொடாத எள். "நடுவுல உள்ளத எனக்குத்தானடி விடுவாரு," என்றாள். அவள் பல்லிடுக்கில் எள் கறுப்பாக ஒட்டியிருந்தது.